கோர்ஸ் ஒர்க் என்னும் இரண்டாவது நுழைவுத் தேர்வு

1913 ஜூலையில் நியூயார்க் போய் இறங்கிய அம்பேத்கர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த மூன்று ஆண்டுகளில் எடுத்த பாடங்கள் மொத்தம் 60. பொருளாதாரத்தில் மட்டும் 29. வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3. போதாததற்கு பிரெஞ்சும் ஜெர்மனும் தொடக்கநிலையில் ஒவ்வொன்று. அவரைச் சட்ட மேதை என்று சொல்லிப் பழகிவிட்ட நாம், அவர் முதலில் ஒரு பொருளாதார அறிஞர் என்பதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றி எழுதி கொலம்பியாவில் முனைவரானவர். ரூபாயின் சிக்கல் பற்றி எழுதி 1923இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் டி.எஸ்சி. பெற்றவர்.

அந்த மாணவப் பருவத்தில்தான், கோல்டன்வைசர் நடத்திய மானுடவியல் கருத்தரங்கில் 1916 மே 9 அன்று ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையை வாசித்தார். பொருளாதார மாணவர் ஒருவர் பக்கத்துத் துறை வகுப்பில் போய் உட்கார்ந்து எழுதிய கட்டுரை அது. இன்றைய மொழியில் சொன்னால், சாதியைப் பற்றிய நமது அடிப்படை நூல்களில் ஒன்று கோர்ஸ் ஒர்க்கில் பிறந்தது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆய்வு மாணவர்களுக்குக் கட்டாய வகுப்பும் தேர்வும் வைப்பதே ஆதிக்க சாதிகளின் சூழ்ச்சி, அதை ஒழித்துவிட வேண்டும் என்று நம் தோழர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் முடிவு தவறானது. பயிற்சி நமக்குத்தான் அதிகம் தேவை. அப்பாவிடமிருந்தும் மாமாவிடமிருந்தும் ஆய்வு முறையியலைச் சாப்பாட்டு மேசையிலேயே கற்றுக்கொள்ளும் குடும்பங்களுக்கு கோர்ஸ் ஒர்க் இல்லாவிட்டால் ஒரு நட்டமும் இல்லை. நாம் கேட்க வேண்டியது வேறு. இன்று பொருளாதாரத் துறைகளில் நடக்கும் கோர்ஸ் ஒர்க் நம் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறதா, அவர்களைக் கழித்துக் கட்டுகிறதா?

விதியில் இருப்பதும் இல்லாததும்

இந்தியாவில் முனைவர் பட்டத்துக்கு கோர்ஸ் ஒர்க்கைக் கட்டாயமாக்கியது யுஜிசியின் 2009 விதிகள். அப்போது யுஜிசியின் தலைவராக இருந்தவர் சுகதேவ் தோரட். சாதிப் பாகுபாட்டைப் பொருளாதார ஆய்வின் நடுவே கொண்டுவந்த தலித் அறிஞர். தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்பட்ட விதத்தை 2007இல் அம்பலப்படுத்திய குழுவுக்கும் அவர்தான் தலைவர். ஆகவே இந்த ஏற்பாட்டின் தொடக்கத்தையே சந்தேகிக்க வேண்டியதில்லை.

2016இல் விதிகள் மாறின. 2022 நவம்பரில் மறுபடியும் மாறின. இப்போதுள்ளபடி, குறைந்தது 12 கிரெடிட் அளவுக்கு வகுப்புகளை முடிக்க வேண்டும். ஆய்வு முறையியலும் ஆய்வு அறநெறியும் கட்டாயம். கோர்ஸ் ஒர்க்கில் 55 விழுக்காடு எடுத்தால்தான் ஆய்வைத் தொடரவும் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவும் முடியும். வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி தரலாம். 6 ஆண்டுகளில் முடிக்க வேண்டும். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 2 ஆண்டுகள் உண்டு.

இதில் கவனிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. சேர்க்கைக்கான முதுகலை மதிப்பெண்ணில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு 5 விழுக்காடு தளர்வு தரப்படுகிறது. இவர்கள் வேறொரு தொடக்கப் புள்ளியிலிருந்து வருகிறார்கள் என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது என்பதுதான் அதன் பொருள். ஆனால் சேர்ந்த பிறகு அந்தத் தொடக்கப் புள்ளியின் வேறுபாட்டை ஈடுகட்ட நிறுவனம் என்ன செய்ய வேண்டும் என்பதற்குக் கட்டாயமான ஏற்பாடு எதுவும் இல்லை. பந்திக்கு அழைத்துவிட்டு இலை போடாமல் உட்காரவைப்பது போன்றது இது. உள்ளே வந்தவர் முதல் ஆண்டிலேயே இரண்டாவது நுழைவுத் தேர்வு ஒன்றை எழுதுகிறார். அந்தத் தேர்வுக்கு இடஒதுக்கீடு கிடையாது.

கால வரம்பையும் அம்பேத்கரின் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பரோடா மன்னரின் உதவித்தொகை முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேர்த்த பணத்தோடும் நண்பரிடம் வாங்கிய கடனோடும் 1920இல் மறுபடியும் லண்டன் போனார். கொலம்பியாவில் 1913இல் சேர்ந்தவருக்கு முறைப்படி முனைவர் பட்டம் வழங்கப்பட்டது 1927இல். ஆய்வேட்டை அச்சிட்டு ஒப்படைத்தால்தான் பட்டம் என்பது அங்கே அன்றைய விதி. 14 ஆண்டுகள்! இன்றைய யுஜிசி விதிப்படி பார்த்தால் அவருடைய பதிவு என்றோ ரத்தாகியிருக்கும்.

கணக்கு யாருக்குக் கைவந்தது?

மற்றத் துறைகளில் கோர்ஸ் ஒர்க் என்பது பெரும்பாலும் ஆய்வு முறையியலும் நெறியாளர் கொடுக்கும் வாசிப்புப் பட்டியலும்தான். பொருளாதாரம் அப்படியில்லை. அமெரிக்கத் துறைகள் போட்ட அச்சில்தான் உலகம் முழுக்கப் பொருளாதார முனைவர் படிப்பு வார்க்கப்படுகிறது. முதல் ஆண்டு முழுக்க நுண்ணியல் பொருளாதாரம், பேரியல் பொருளாதாரம், பொருளாதார அளவையியல் என்று மூன்று பாடங்கள். அதன் முடிவில் ஒரு பெருந்தேர்வு. அதில் தேறினால்தான் ஆய்வுக்குள் நுழைய முடியும். நுண்ணியல் பொருளாதாரத்துக்கு மாஸ்-கொலெல், வின்ஸ்டன், கிரீன் மூவரும் 1995இல் எழுதிய ஏறத்தாழ ஆயிரம் பக்கப் பாடநூல்தான் பல இடங்களில் வேதம். பக்கத்துக்குப் பக்கம் கணிதத் தேற்றங்கள். இந்தியாவின் பெயர்பெற்ற நிறுவனங்களும் கூடவோ குறையவோ இதே பாதையில்தான் போகின்றன.

இப்போது நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தியின் பாதையைப் பாருங்கள். அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் வரலாறு, பொருளியல், வணிகவியல் பிரிவு கிடைக்கிறது. கணிதம் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் வழியில் பி.ஏ. பொருளாதாரம். அங்கேயே எம்.ஏ. வகையீடும் அணிகளும் ஒரு தாளில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். பிறகு அவள் நெட் தேர்வு எழுத வேண்டும். பொருளாதாரத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். அதையும் தாண்டி ஒரு மத்திய நிறுவனத்தில் இடம் பிடிக்கிறாள். அங்கே பக்கத்து இருக்கையில் இருப்பவர் தில்லிப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படிக்காதவருக்கு அங்கே பி.ஏ. பொருளாதாரச் சிறப்புப் பட்டத்தில் இடமே இல்லை. இருவருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே மூன்று மணி நேரம், ஒரே 55 விழுக்காடு. இதற்குப் பெயர் சமத்துவமாம்!

இந்த இடத்தில்தான் பழைய பொய் ஒன்று தலைகாட்டும். கணக்கு சில சாதிகளின் மூளையோடு பிறந்தது என்ற பொய். எதிராளிகள் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள்; நம்மில் சிலர் அதையே கோபமாகத் திருப்பிச் சொல்லி, கணக்கு நமக்கு எதற்கு என்கிறார்கள். இரண்டும் ஒரே பொய்தான். கணிதம் என்பது உட்கார்ந்து, தப்புப் போட்டு, ஒருவர் திருத்தித் தந்து, மறுபடி போட்டுப் பழகும் வேலை. திருத்தித் தர ஆள் இருந்தவர்களுக்கு வருகிறது. இல்லாதவர்களுக்குத் தாமதமாக வருகிறது.

அமெரிக்காவிலும் கதை இதுதான். ஸ்டான்ஸ்பரியும் ஷுல்ட்ஸும் செய்த ஆய்வின்படி, அமெரிக்காவில் பிறந்து அண்மை ஆண்டுகளில் பொருளாதார முனைவர் பட்டம் பெற்றவர்களில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினரின் பெற்றோரில் ஒருவராவது முதுகலையோ அதற்கு மேலோ படித்தவர். குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் வெறும் 14 விழுக்காடு. எல்லாத் துறைகளையும் சேர்த்துப் பார்த்தால் இது 26 விழுக்காடு. கணிதமும் பரம்பரைச் சொத்தைப் போலக் கைமாறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வகுப்பறையின் சூழல் என்ன செய்யும் என்பதையும் பொருளாதார அறிஞர்களே சோதித்திருக்கிறார்கள். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பள்ளிச் சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதைக் கணக்குகளைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களும் மற்றவர்களும் ஏறத்தாழச் சமமாகவே போட்டார்கள். எல்லோர் முன்னிலும் பெயரோடு சாதியையும் அறிவித்தபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் மதிப்பெண் சரிந்தது. அதே பிள்ளைகள்தான், அதே மூளைதான். முனைவர் பட்ட வகுப்பில் யாரும் சாதியை உரக்க வாசிப்பதில்லை. ஆனால் “எந்தப் பிரிவில் வந்தாய்?” என்ற ஒரு கேள்வியும் சேர்க்கைப் பட்டியலும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

தோல்வியின் விலை

ஒரு தாளில் தோற்றால் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு மோசமான வாரம். நம் பிள்ளைக்கு அது மாதச் செலவுப் பணம், விடுதி அறை, ஊருக்கு அனுப்பும் தொகை எல்லாமே.

சேலம் மாவட்டத்திலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியலில் முனைவர் பட்டம் படிக்கப் போன செந்தில்குமாரை இன்றைய இளைஞர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்திலிருந்து அந்த உயரத்துக்குப் போனவர். அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. கோர்ஸ் ஒர்க்கில் ஒரு தாளில் தேறவில்லை. உதவித்தொகை கேள்விக்குறியானது. 2008 பிப்ரவரியில் அவரை இழந்தோம். பல்கலைக்கழகம் அமைத்த வினோத் பவராலா குழு, அந்தத் துறையின் நடைமுறைகள் தெளிவற்றும் ஆளுக்கொரு விதமாகவும் இருந்தன, அவற்றால் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் என்று பதிவு செய்தது. எட்டு ஆண்டுகள் கழித்து அதே வளாகத்தில், உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றுபோன நிலையில், ரோஹித் வேமுலாவை இழந்தோம். ரோஹித்தின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவருக்கு முன்பே எச்சரித்துவிட்டுப் போன செந்திலின் பெயரையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

துறை வேறாக இருக்கலாம். பூட்டு ஒன்றுதான். நெறியாளர், தேர்வு, பணம் என்ற மூன்றையும் ஒரே சங்கிலியில் கோத்துவிட்டால், ஒரு கண்ணி அறுந்தாலும் மாணவர் விழுவார். ஜேஆர்எஃப் பெறுபவருக்கு மாதம் 37,000 ரூபாய். நெட் உதவித்தொகை இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு 8,000 ரூபாய். அந்த எட்டாயிரத்தில் பெருநகரத்தில் வாழ்ந்துகொண்டு, ஆயிரம் பக்கத் தேற்றங்களையும் அவர் படித்து முடிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் வெறும் சடங்கு

மாநிலப் பல்கலைக்கழகங்களில் நோய் வேறு. பல இடங்களில் கோர்ஸ் ஒர்க் என்பது சில வாரக் கையெழுத்து. முறையியல் தாளுக்கு நகலெடுத்த குறிப்புகள். சிறப்புத் தாளுக்கு நெறியாளர் சொன்ன நான்கு கேள்விகள். எல்லோரும் தேர்ச்சி. யாருக்கும் வலிக்காது. சென்னைப் பல்கலைக்கழகமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் அண்மை ஆண்டுகளில் பணமில்லாமல் தத்தளித்ததைப் பார்த்தோம். அந்த நிலையில் பொருளாதார அளவையியல் நடத்தப் புதிய ஆசிரியர் எங்கிருந்து வருவார்?

இந்தச் சடங்கைச் சலுகை என்று எண்ணி ஏமாறக் கூடாது. நம் மாணவர்களில் ஆகப் பெரும்பாலோர் படிப்பது இந்தப் பல்கலைக்கழகங்களில்தான். தேசிய மாதிரி ஆய்வின் தரவுக் கோப்பைத் திறந்து தன் மாவட்டத்தின் கூலி விவரத்தைத் தானே எடுக்கத் தெரியாமல் ஒருவர் முனைவராகி வெளியே வருகிறார் என்றால், அந்தப் பட்டம் நேர்முகத் தேர்வு அறையில் அவரைக் காப்பாற்றாது. உயர்நிறுவனம் வடிகட்டி வெளியேற்றுகிறது. மாநிலப் பல்கலைக்கழகம் வெறுங்கையோடு வழியனுப்புகிறது. இரண்டு வழியிலும் பறிபோவது நம் பங்குதான்.

பாடத்தில் சாதி எங்கே?

1987இல் கொலாண்டர், கிளாமர் இருவரும் அமெரிக்காவின் முன்னணித் துறைகளில் படித்த பொருளாதார ஆய்வு மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். இந்தத் துறையில் முன்னேற எது மிக முக்கியம்? நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றிய நல்ல அறிவு மிக முக்கியம் என்றவர்கள் சுமார் 3 விழுக்காடு. அது முக்கியமே இல்லை என்றவர்கள் 68 விழுக்காடு. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கமே ஆன் குருகர் தலைமையில் குழு அமைத்து, நுட்பம் கற்ற அளவுக்கு நிஜ வாழ்க்கையை மாணவர்கள் கற்கவில்லையே என்று 1991இல் கவலைப்பட்டது.

இந்தியாவில் அந்தக் கவலைக்குச் சாதி என்று பெயர். கூலி எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்று ஓர் அரையாண்டு முழுக்கப் படிக்கும் மாணவர், சேரிக்காரருக்கு ஏன் ஊருக்குள் தேநீர்க் கடை வைக்க முடியவில்லை என்ற கேள்வியைச் சந்திக்காமலேயே தேர்வு எழுதிவிடலாம். பாகுபாடு பற்றி கேரி பெக்கர் 1957இல் எழுதியதைப் படிப்பார். போட்டி கூடினால் பாகுபாடு தேய்ந்துவிடும் என்ற நம்பிக்கையையும் சேர்த்துப் படிப்பார். சாதிக் கட்டுப்பாட்டை மீறுபவரைத் தள்ளிவைக்கும் அச்சத்தாலேயே சாதி தேயாமல் நிலைக்க முடியும் என்று அக்கர்லாஃப் 1976இல் கணித மாதிரி போட்டுக் காட்டியது விருப்பப் பாடமாகக்கூட வராது. தோரட்டும் பால் அட்டவெல்லும் செய்தித்தாள் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருடன் ஒப்பிட, தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. 2007இல் வெளியான இந்த ஆய்வு பொருளாதார அளவையியல் வகுப்பின் முதல் பயிற்சிக் கணக்காக இருக்க வேண்டியது. அம்பேத்கரின் ரூபாய் ஆய்வையும் மாகாண நிதி ஆய்வையும் பணவியல், பொது நிதிப் பாடங்களில் வாசிக்க வைக்கும் துறைகள் எத்தனை? விரல் விட்டு எண்ணலாம்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. 2023இல் பீகார் தன் சாதிவாரிக் கணக்கெடுப்பை வெளியிட்டது. 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசும் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியைச் சேர்ப்பதாக அறிவித்தது. எண்கள் வரப்போகின்றன. நிலம் யாரிடம், அரசு வேலை யாரிடம், உட்பிரிவு ஒதுக்கீடு யாருக்கு என்ற அத்தனை வாதங்களும் அந்த எண்களின் மேல்தான் நடக்கும். அவற்றைப் பிரித்துப் படிப்பவர், எந்த ஒப்பீடு செல்லும் எது செல்லாது என்று முடிவு செய்பவர், நீதிமன்றத்தில் நிபுணராக நிற்பவர் யார்? கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, ஆயத்தப் பயிற்சி. சேர்க்கை உறுதியான நாளிலிருந்து வகுப்பு தொடங்கும் வரை குறைந்தது மூன்று மாதம், உதவித்தொகையோடும் விடுதியோடும், கணிதமும் கணினித் தரவுப் பயிற்சியும் தர வேண்டும். வாய்ப்பு மறுக்கப்பட்ட பின்னணி மாணவர்களுக்கான கோடைப் பயிற்சியை அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 1974 முதல் நடத்துகிறது. சமூகநீதி மண் என்று மார்தட்டும் தமிழ்நாடு அரசு, தன் பல்கலைக்கழகங்களையும் சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனம் போன்றவற்றையும் சேர்த்து இதைச் செய்ய முடியாதா? தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் அரையாண்டில் தமிழிலும் விளக்கம் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது, சங்கிலியைப் பிரிக்க வேண்டும். கோர்ஸ் ஒர்க் முடிவுக்கும் உதவித்தொகைக்கும் முதல் இரண்டு ஆண்டுகள் தொடர்பே இருக்கக் கூடாது. மறுதேர்வு உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். தற்காலிக நெறியாளர் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, விடைத்தாளில் பெயர் இருக்கக் கூடாது. ரேமா ஹன்னாவும் லீ லிண்டனும் இந்தியாவில் விடைத்தாள்களின் முகப்பில் சாதியை மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் கொடுத்தபோது, ஒடுக்கப்பட்ட சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்கு மதிப்பெண் குறைந்தது. அதில் கசப்பான இன்னொரு செய்தியும் உண்டு. அப்படிக் குறைத்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதி ஆசிரியர்களே. சாதி நம் கைக்குள்ளும் புகுந்திருக்கிறது. ஆகவே நல்ல மனிதர்களை நம்பாதீர்கள். நல்ல நடைமுறையைக் கேளுங்கள்.

நான்காவது, கணக்கைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கோர்ஸ் ஒர்க்கில் தேறினார்கள், எத்தனை பேர் வெளியேறினார்கள் என்பதைச் சமூகப் பிரிவு வாரியாக வெளியிட வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. மாணவர் அமைப்புகள் ஒரு துறையிலிருந்து இதைத் தொடங்கலாம்.

ஐந்தாவது, சாதியின் பொருளாதாரம் கட்டாயப் பாடமாக வேண்டும். விருப்பப் பாடமாக ஓரத்தில் வைத்தால் அதை எடுப்பது நாம் மட்டும்தான். படிக்க வேண்டியவர்கள் மற்றவர்கள்.

தரம் குறைந்துவிடும் என்பார்கள். அஸ்வினி தேஷ்பாண்டேவும் தாமஸ் வைஸ்கோஃபும் இந்திய ரயில்வேயை ஆராய்ந்து, இடஒதுக்கீட்டால் உற்பத்தித் திறன் குறைந்ததற்குச் சான்று இல்லை என்று காட்டியிருக்கிறார்கள். நாம் கேட்பது வினாத்தாளை எளிதாக்குங்கள் என்பதல்ல. அந்த வினாத்தாளுக்குப் பதில் எழுதக் கற்றுக்கொடுங்கள் என்பதுதான். ஆசிரியர் என்று சம்பளம் வாங்குபவரிடம் அதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கணக்கைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். இன்றே ஒரு நேரியல் இயற்கணிதப் புத்தகத்தை எடுங்கள், இரண்டு பேராகச் சேர்ந்து போடுங்கள். முன்னால் போனவர்கள் தங்கள் குறிப்பேடுகளைப் பின்னால் வருபவர்களுக்குக் கொடுங்கள். உள்ளே போனதும் வகுப்பு புரியவில்லை என்றால் அதைக் கூட்டாக, எழுத்தில், துறைத் தலைவரிடம் சொல்லுங்கள். தனியாக அறையில் உட்கார்ந்து அதை உங்கள் குறை என்று நம்பிவிடாதீர்கள்.